இறங்காத சத்தம்

தஸ்நேவிஸ் பியானோவிலிருந்து கையை எடுத்த பிறகும் அந்தச் சத்தம் போகவில்லை என்பதை நங்கூரத் தெருவில் முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் தெரு முழுக்க அழுகையாக இருந்தது. துறைமுகத்திலிருந்து சைக்கிளில் வந்த ஆள் வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றபடியே, கொழும்புக்குப் போன தோணி கவிழ்ந்துவிட்டது, பின்னால் போன தோணிக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள், கஸ்பாரும் அதில்தான் இருந்தான் என்று சொன்னபோது, கஸ்பாரின் அப்பாவான தஸ்நேவிஸ் ஒரு பாட்டின் கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தார், இரண்டு கையும் கட்டைகளை அமுக்கிக்கொண்டிருந்தன, அவர் அப்படியே கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கஸ்பாரின் அம்மா பிரகாசி அடுப்படியில் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தவள், செதில் ஒட்டின கையோடு ஓடி வந்து தலையில் அடித்துக்கொள்ள, அந்தச் செதில்கள் அவள் முடியில் பல நாள் மினுங்கிக்கொண்டிருந்தன.

அழ வந்த சனமெல்லாம் அழுது, கடுங்காப்பி குடித்து, ஒவ்வொருவராக எழுந்து போய், பிரகாசிக்கும் தொண்டை வற்றிப்போய் வீடு அடங்கின ஒரு காலையில், எதிர்வீட்டு அருளாயி தூக்குச்சட்டியும் கையுமாக உப்பளத்துக்குக் கிளம்பினவள் வாசலில் நின்று, "ஏட்டி பிரகாசி, பெட்டி இன்னும் பாடிட்டே இருக்கே, அதை மூடக்கூடாதா?" என்று கேட்டாள். பிரகாசி போய்ப் பார்த்தாள். பெட்டி மூடித்தான் இருந்தது. மேலே ஒரு சேலைகூட மடித்து வைத்திருந்தது. சத்தம் பெட்டியில் இல்லை, பெட்டிக்கு மேலே, வீட்டுக்குள்ளே, வாசலில், தெருவில், சமைத்த வீட்டில் மீன் வாடை நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தது. பெரிய சத்தமென்று சொல்ல முடியாது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கதி சொல்ல வந்து, கடைசி வார்த்தையை மட்டும் சொல்லாமல் வாயைத் திறந்தபடி நிற்கிற மாதிரி இருந்தது.

தஸ்நேவிஸுக்கு அது ஆச்சரியமாகத் தெரியவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அது ஏறி நிக்கு. இறங்க ஒரு படி பாக்கி. நான் வச்சாத்தான் உண்டு."

"வச்சா?"

"இறங்கிரும். ஓஞ்சிரும்."

பிரகாசி அவர் தட்டில் குழம்பு ஊற்றினாள். மாதா கோயில் சாமியார், உடல் கரைக்கு வராமல் அடக்கப் பூசை வைக்கிறதற்கில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருந்தார். கறுப்புச் சேலை வாங்கி வந்த நாத்தனார் அதை அவள் கையில் கொடுக்கத் தைரியமில்லாமல் டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். ஊரெல்லாம் செத்துப்போனான் என்று சொல்ல, மகனைப் பற்றின சேதி வந்த நேரத்தில் அந்தரத்தில் நின்றுவிட்ட ஒரு சத்தம் மட்டும் இன்னும் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"வைக்காதீங்க," என்றாள்.

அவர் சரி என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்தப் படியை அவர் வைக்கவில்லை. அவர் வாழ்க்கை அந்த இடத்தோடு நின்றது என்று சொல்லலாம், ஆனால் அதற்கு முன்னால் அது எவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

தஸ்நேவிஸின் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கினவர். பையனுக்குக் கப்பல்காரர்கள் கிளப்பில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக் கப்பல்களில் வருகிறவர்கள் குடிக்கவும் ஆடவும் கூடுகிற அந்த இடத்தில் தரையைக் கூட்டுவதும் பியானோவைத் துடைப்பதும் அவன் பாடு. துடைக்கும்போது கட்டைகள் சத்தம் போட்டன. கிளப் மானேஜர் பையன் நன்றாகத் துடைக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவன் துணியைத் தோளில் போட்டுவிட்டு, கப்பல்காரர்கள் சீட்டி அடித்துப்போன பாட்டுகளையும் கொழும்பு ரேடியோவில் கேட்டதையும் துடைக்கிற மாதிரியே வாசித்துப் பழகினான். ஜாஸ் என்று அந்த வாசிப்புக்குப் பெயர் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரியும். பின்னாளில் பிரகாசி கேட்டபோது, பாட்டு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு தரமும் போன வழியில் போகக்கூடாது, எங்கெங்கேயோ சுற்றலாம், சந்துபொந்தெல்லாம் புகுந்து வரலாம், எப்படிப் போனாலும் வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும், அதுதான் அந்த வாசிப்பு என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

அப்புறம் கொழும்புக்குப் போனார். கடலைப் பார்த்த ஒரு பெரிய ஓட்டலில் வெள்ளைக் கோட்டுப் போட்டு வாசித்தார், வாசலில் அவர் பெயரைச் சுருக்கி 'டாஸ்' என்று பலகையில் எழுதி வைத்தார்கள், துரைமார் பெண்சாதிகள் அவர் பாட்டு முடிகிற வரைக்கும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். லீவில் வந்து பிரகாசியைக் கட்டி, லீவில் வந்து கஸ்பாருக்கு அப்பாவாகி, அங்கே தமிழ் பேசுகிறவர்களுக்குக் கெட்ட காலம் வந்த சமயத்தில், கூட வாசிக்கிறவன் ஒருத்தன் மேளப் பெட்டிக்குள் உட்கார வைத்துத் துறைமுகத்துக்கு அனுப்ப, ஒரு தோணியில் வெங்காய மூட்டைகளோடு தூத்துக்குடி வந்து இறங்கினார். வெள்ளைக் கோட்டு எங்கே என்று பிரகாசி கேட்டபோது, பெட்டிக்குள் கொள்ளவில்லை என்றார்.

பிறகு பழைய கிளப்பிலேயே வேலை. கூட்டினவனே உட்கார்ந்து வாசிக்கிறான் என்று ஊர் பேசினது. ஒரு கப்பல், தண்ணீர் பட்டு உப்பிப்போன தன் பியானோ ஒன்றைத் துறைமுகத்தில் தள்ளிவிட்டுப் போனபோது, அவர் அப்பாவோடு மூட்டை இறக்கின கூட்டாளிகள் அதை உப்பு வண்டியில் ஏற்றி நங்கூரத் தெருவுக்குத் தள்ளி வந்தார்கள். வாசல் நடைக்குள் அது கொள்ளவில்லை. சுவரை இடித்து உள்ளே வைத்து, திரும்பச் சுவர் கட்டினார்கள். இனி இது வெளியே போக வேண்டுமானால் வீடு போக வேண்டும் என்று அன்றைக்கே சனம் சிரித்தது. கம்பியெல்லாம் தளர்ந்திருக்கிறதே, சரி பண்ண ஆள் இல்லையா என்று பிரகாசி கேட்டதற்குத் தஸ்நேவிஸ், கடல் காற்று பட்டால் கம்பி தளரும், தளர்ந்தால் சத்தத்தின் சுருதி இறங்கும், எல்லாம் சேர்ந்து இறங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது, இதை இப்படியே விடு, இந்த ஊர் காற்றுக்கு இது பழகிக்கொள்ளும் என்றார். கஸ்பார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தோணியில் வேலைக்குப் போனவன், கம்பி எல்லாம் துருவாக இருக்கிறது பப்பா, கொழும்பில் நல்ல கம்பி கிடைக்குமாம், திரும்பி வரும்போது வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

இப்போது அந்தச் சத்தத்தோடு தெரு வாழப் பழகினது.

முதலில் கொஞ்சம் சண்டை இருந்தது. உன் வீட்டுப் பக்கம்தான் அதிகம், என் வீட்டுப் பக்கம் குறைச்சல் என்று பேசினார்கள். சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். சத்தம் நனைந்த மாதிரி கொஞ்சம் மங்கி, வெயில் ஏறினதும் பழையபடி ஆனது. அவரும் விட்டுவிட்டார். தெருமுனை முனிசிபாலிட்டிக் குழாய் வரைக்கும்தான் அது கேட்டது, குழாயைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் ஒன்றும் இல்லை, சும்மா ஊர்ச்சத்தம்தான் என்று பெண்கள் குடத்தோடு போய்க் கண்டுபிடித்தார்கள். அது முதல் குழாய் என்பது தண்ணீர் பிடிக்கிற இடம் மட்டுமல்ல, எல்லை.

மீன்காரிகள் தெருவுக்குள் நுழைந்ததும் தங்கள் கூவலை அந்தச் சத்தத்தோடு சேர்த்துக் கூவக் கற்றுக்கொண்டார்கள், இல்லாவிட்டால் மீன் கெட்டதாகத் தெரிந்தது. கைப்பிள்ளைகள் அதிலேயே தூங்கிப் பழகி, பாட்டன் ஊருக்குத் தூக்கிப் போனால் அமைதி தாங்காமல் விடிய விடிய அழ, தாய்மார் பஸ் ஏறித் திரும்பி வந்தார்கள். கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற ரேடியோ செட் பூபாலராயர், தன் இசைத்தட்டுகள் இந்தத் தெருவில் மட்டும் சுருதி ஏறிக் கிறீச்சென்று கேட்கின்றன என்று தட்டின் ஓரத்தில் விரலை வைத்து அமுக்கி மெதுவாகச் சுற்றவிட்டார். வருசம் போகப்போக அவர் விரல் இன்னும் கொஞ்சம் அமுக்க வேண்டியிருந்தது. வயசாச்சு, விரலில் வலு போச்சு என்று அவரே சொல்லிக்கொண்டார். தெருப் பிள்ளைகள் மாதா திருவிழாவில் பாடப் போனபோது பெரிய கோயில் ஆர்கனோடு சேராமல் ஒரு மாதிரி கீழே கீழே பாட, உபதேசியார் எல்லாரையும் முட்டிபோட வைத்தார். பிள்ளைகள் தாங்கள் சரியாகத்தான் பாடினோம், ஆர்கன்தான் மேலே நிற்கிறது என்று சத்தியம் பண்ணினார்கள். இதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தெருவுக்குள் இருந்தவர்களுக்குச் சத்தம் என்றைக்கும் போலத்தான் இருந்தது.

ஆனால் அந்தத் தெருவில் எந்தப் பாட்டும் முடியவில்லை. தாலாட்டானாலும் மாதா பாட்டானாலும் கடைசி அடிக்கு முன்னால் வந்து, மேலே நிற்கிற சத்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதனால் கலியாண ஊர்வலங்கள் பாடிக்கொண்டே குழாய் வரைக்கும் வந்து, அதைத் தாண்டி நின்று கடைசி அடியைப் பாடி முடித்துவிட்டு, மாப்பிள்ளை பொண்ணைத் திரும்ப உள்ளே அழைத்துப் போவது வழக்கமாயிற்று. வெளியூர்ச் சம்பந்திகள் இது பரம்பரைச் சடங்கு என்று நினைத்துக் குழாயைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

தஸ்நேவிஸின் கையும் அப்படித்தான் ஆயிற்று. கிளப், குழாய்க்கு அந்தப் பக்கம் ரொம்ப தூரத்தில் இருந்தாலும், அவர் வாசித்த எந்தப் பாட்டும் கடைசிப் படியில் நின்றது. கை தானாக மடிக்கு வந்துவிட்டது. ஆடிக்கொண்டிருந்த கப்பல்காரர்கள் ஒரு காலைத் தூக்கியபடி காத்திருந்து, முதலில் சிரித்தார்கள், பிறகு காசைத் திருப்பிக் கேட்டார்கள், பிறகு வரவில்லை. கிளப்பில் இசைத்தட்டுப் பெட்டி வாங்கி வைத்தார்கள். மானேஜர் மரியாதையானவர், அதனால் போகச் சொல்லாமல், பழையபடி துடைக்கிறதற்கு மட்டும் வாருங்கள் என்றார். தஸ்நேவிஸ் துணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கட்டைகள் சத்தம் போடாத மாதிரி துடைக்க அவருக்கு அப்போது தெரிந்திருந்தது.

வீட்டில் அவர் பெட்டியைத் திறக்கவேயில்லை. சில சாயங்காலம் மூடியின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் படி எது என்று அவருக்குத் தெரியும், அமுக்க ஒரு மூச்சு நேரம் போதும் என்பது பிரகாசிக்குத் தெரியும், அவள் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருக்கிறார் என்பதும் தெரியும். அவள் காய் நறுக்குவாள், விளக்குத் துடைப்பாள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவாள், அதை மட்டும் சொல்ல மாட்டாள். சொல்லிவிட்டால் அந்த நிமிசத்தோடு கஸ்பார் போய்விடுவான். சத்தம் நிற்கிற வரைக்கும் அவன் எங்கேயோ ஒரு தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

இதற்கிடையில் தெருவில் ஒரு கஷ்டம் ஆரம்பித்தது. தோணி ஓட்டிய சூசைத் தண்டல் முதுமையில் படுத்தார். வைத்தியர் கையை விரித்து, சாமியார் கடைசி எண்ணெயான அவஸ்தை பூசி, சொந்தமெல்லாம் வந்து, வந்தவர்கள் அலுத்துத் திரும்பிப்போய், திரும்ப வந்து, அப்போதும் அவர் போகவில்லை. மூச்சு மேலே ஏறி நின்றது, இறங்கவில்லை. கண் திறந்தபடி வலியில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்காவது கொண்டுபோவோம் என்று கட்டிலோடு தூக்கிக் குழாயைத் தாண்டினதும், ஒரு பெருமூச்சு விட்டு, சிரித்த முகமாக அடங்கிப்போனார். அடுத்து ஒரு கிழவிக்கும் அப்படியே ஆனது. அதற்குப் பிறகு ஒருவரும் யோசிக்கவில்லை. நாள் வந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனார்கள், தண்ணீர் பிடிக்கிற பெண்கள் குடங்களை ஒதுக்கி வழி விட்டார்கள். தெருக்காரர் யாராவது செத்துப்போனால், குழாயடிக்குப் போயிட்டாக என்று சொல்வதே பேச்சாயிற்று. சண்டையில் சாபம் விடுகிறவர்களும் குழாயைத்தான் சொன்னார்கள்.

பிறகு தஸ்நேவிஸ் படுத்தார். வயிறு உப்பி, கால் வீங்கி, சதையெல்லாம் வற்றி, விரல்கள் மட்டும் நீளமாக மிஞ்சின. நாள் வந்துவிட்டது என்று பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. மழைக்காலம் போய், பனிக்காலம் போய், வெயில் வந்தது. அவர் வலியில் பல்லைக் கடித்த சத்தம் அந்தச் சத்தத்துக்கு அடியில் கேட்டுக்கொண்டே இருந்தது. கட்டிலைத் தூக்க ஆண்கள் வந்து வாசலில் நின்றபோதெல்லாம் அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் போயிட்டா அதை யாரு இறக்குவா, பையன் எத்தனை நாள் அந்தரத்துல நிப்பான் என்று மட்டும் சொன்னார். பிரகாசியைப் பார்த்துச் சொல்லவில்லை. கூரையைப் பார்த்துச் சொன்னார்.

அருளாயிதான் அதைப் போட்டு உடைத்தாள். உப்பளத்திலிருந்து வந்து காலைக்கூடக் கழுவாமல் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"மகனைப் பிடிச்சு வச்சிருக்க, பெத்தவ, வச்சுக்க. மனுசனையும் பிடிச்சு வச்சிருக்கியே ஏட்டி. அந்த ஆளு உன் வாயைப் பார்த்துட்டுக் கிடக்காவ. நீ பேசாம கருவாடு சுட்டுட்டு இருக்க."

"எனக்கு வாய் வரலையே மைனி."

"வரலைன்னா சாடையாவது காட்டு."

அன்றைக்கு மத்தியானம் பிரகாசி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல்களை எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். சுண்டுவிரல் வரைக்கும் வந்தபோது சொன்னாள்.

"இறக்கிருங்க."

தஸ்நேவிஸ் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. கையில் கொஞ்சம் சூடு ஏறட்டும், நாலு நாள் கஞ்சி குடித்துவிட்டு உட்காருகிறேன், பையனுக்கு ஒரே தடவையில் நல்லபடியாகச் செய்யணும் என்றார்.

சேதி தெருவுக்குள் பரவினது. இத்தனை வருசம் அவர் சத்தத்தில் பிள்ளைகளைத் தூங்க வைத்தவர்கள், இப்போது அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தார்கள். என்ன செய்வது என்று குழாயடியில் கூடிப் பேசினார்கள். பூபாலராயர்தான் சொன்னார்: பெட்டி கப்பலிலிருந்து வந்த நாள் முதல் ஒருத்தரும் அதைச் சரி பார்க்கவில்லை, கஸ்பார் கம்பி வாங்கத்தானே போனான், அந்த மனுசன் கடைசியாக வாசிக்கிறதையாவது சுத்தமான பெட்டியில் வாசிக்கட்டும், நாகர்கோவில் பக்கம் கோயில் ஆர்கனெல்லாம் சரி பண்ணுகிற ஆள் இருக்கிறார். எல்லாருக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. பிரகாசிக்கும் பட்டது. மகன் செய்ய நினைத்த காரியம் என்பதால் அவளுக்குக் கண்ணீர்கூட வந்தது.

நாகர்கோவில்காரர் சுருதி பார்க்கிற தன் சின்ன இரும்புக் கவையைத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தார். இந்தத் தெருவில் நிற்கிற சத்தத்துக்குள் தன்னால் ஒன்றும் பிடிக்க முடியாது, அமைதியான இடம் வேண்டும் என்றார். அவ்வளவுதானே என்றார்கள். தூசி ஆகாது, மழைக்கு முன்னால் சுவரைப் பூசப்போகிறோம் என்று பொய் சொல்லி, அரைமயக்கத்தில் இருந்த தஸ்நேவிஸை அருளாயி வீட்டில் கொண்டு கிடத்தினார்கள். சுவரை இடித்தார்கள். உப்பு வண்டி வந்தது. தெருவிலுள்ள ஆண்கள் எல்லாரும் தோள் கொடுத்துப் பியானோவைத் தூக்கி, பெண்கள் குடங்களை ஒதுக்க, குழாயைத் தாண்டிக் கொண்டுபோய் ஒரு வேப்ப மரத்தடியில் வைத்தார்கள். அந்த அமைதியில் நாகர்கோவில்காரர் கவையைத் தட்டித் தட்டி, தளர்ந்துகிடந்த கம்பி ஒவ்வொன்றையும் முறுக்கி, அது உலகத்தில் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். இனி இது கொழும்பிலும் வாசிக்கலாம், லண்டனிலும் வாசிக்கலாம் என்று சொல்லிவிட்டு, வடையும் காப்பியும் சாப்பிட்டுப் பஸ் ஏறிப் போனார். பிரகாசி ஈரத் துணியால் கட்டைகளைத் துடைத்தாள். அவள் கையில்கூட அது அத்தனை சுத்தமாகக் கேட்டது. திரும்ப உள்ளே வைத்து, சுவரைக் கட்டி, ஈரம் காயுமுன் வெள்ளையும் அடித்தார்கள்.

அந்த நாள் சாயங்காலம் தெருவே வீட்டுக்கு முன்னால் நின்றது. சாமியார் கஸ்பாருக்கு அடக்கப் பூசை வைக்கத் தயாராகக் கறுப்பு உடுப்பில் வந்திருந்தார். பிரகாசி டிரங்குப் பெட்டியைத் திறந்து, மடிப்பு மடிப்பாக நரைத்துப்போன அந்தக் கறுப்புச் சேலையை முதல் தடவையாகக் கட்டிக்கொண்டாள். தஸ்நேவிஸைச் சுமந்து வந்து ஸ்டூலில் உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் அவள் தன் உடம்பைக் கொடுத்து நின்றாள். அவர் மூடியைத் திறந்தார். மேலே நிற்கிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் தலைசாய்த்துக் கேட்டார், கதவைத் தட்டுகிறதற்கு முன்னால் உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. பிறகு பத்து விரலையும் இறக்கினார்.

படி இருந்தது. ஆனால் கால் வைக்கிற இடத்தில் இல்லை. ஒரு நூல் அளவு மேலே இருந்தது. இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று காலை வைத்து உடம்பெல்லாம் உதறுகிற மாதிரி தெரு முழுக்க ஒரு உதறல் உதறினது. குழந்தைகள் அழுதன. அவர் வாசித்தது எல்லாச் சத்தத்தையும் போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போனது. மேலே நின்றது நின்றபடி நின்றது.

"இதை யாரு தொட்டது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நாங்கதான் அண்ணே," என்றாள் அருளாயி, முகமெல்லாம் சிரிப்பாக. "ஆள் கூட்டியாந்து சுத்தமா பண்ணி வச்சிருக்கோம். குழாய்க்கு அந்தாண்ட கொண்டு போயில்லா பண்ணினோம்."

தஸ்நேவிஸ் அவளைப் பார்த்தார். பூபாலராயரைப் பார்த்தார், புதுச் சுவரைப் பார்த்தார், தோள்பட்டையில் வண்டிக் கயிறு அறுத்த காயத்தோடு நிற்கிற ஆண்களைப் பார்த்தார்.

"நல்லா வச்சிருக்கீங்க," என்றார்.

பிறகு பிரகாசிக்கு மட்டும் கேட்கும்படி, தலையை அவள் வயிற்றில் சாய்த்துக்கொண்டு சொன்னார். "இத்தனை வருசக் கடல் காத்துல மேல நிக்கிற சத்தமும் இறங்கிப் போயிருக்கு. பெட்டியை அப்படியே விட்டிருந்தா அதுவும் கூடவே இறங்கியிருக்கும். இப்ப ஏத்திட்டாக. இனி ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்க்காது."

"அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடுவோம்."

"அவன் வரணும், இடிக்கணும், இறக்கணும். என்னால ஆகாதுட்டி." பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்து, இத்தனை நாள் சொல்ல மறுத்த வார்த்தையைச் சொன்னார். "தூக்குங்க."

கட்டிலைத் தூக்கினார்கள். பிரகாசி பக்கத்தில் நடந்தாள். குழாயடியில் பெண்கள் குடங்களை ஒதுக்கினார்கள். எல்லையைத் தாண்டினதும் சத்தம் அறுந்தது. அவர் விரல்கள் கட்டில் சட்டத்தின் மேல் எதையோ வாசித்தன, எங்கெங்கேயோ சுற்றின, சந்துபொந்தெல்லாம் புகுந்து வந்தன, கடைசிக்கு முந்தின இடத்துக்கு வந்து நின்றன. கை மடிக்குப் போனது. பெண்கள் குடங்களைத் திரும்ப எடுத்து வைக்கிறதற்குள் அவர் போய்விட்டார்.

சாமியார் கறுப்பு உடுப்பில் இருந்தார், பிரகாசி கறுப்புச் சேலையில் இருந்தாள், அதனால் எல்லாம் தயாராக இருந்த மாதிரி அடக்கம் நடந்தது. கஸ்பாருக்கு வைக்க இருந்த பூசையை அவருக்கு வைத்தார்கள். கஸ்பாருக்கு எதுவும் வைக்கவில்லை. சத்தம் முடியவில்லையே, எப்படி வைக்கிறது என்று சாமியாரே கேட்டார்.

மழைக்குப் பிறகு நாகர்கோவில்காரர் வந்தபோது பிரகாசி அவரை வாசலிலேயே பிடித்து, கம்பிகளைத் தெருச் சத்தத்துக்கு இறக்கித் தரச் சொன்னாள். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, துருப்பிடித்த கம்பியை ஒரு தரம் முறுக்கியதே பெரிசு, ஆணிகள் மரத்தில் பிடிப்பு விட்டுக் கிடக்கின்றன, இனித் தொட்டால் எல்லாம் போகும், தானாக இறங்கினால்தான் உண்டு அம்மா என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிரகாசி அதைப் பிடித்துக்கொண்டாள்.

கடல் பக்கத்துச் சன்னலை அவள் மூடுவதேயில்லை. கம்பி சீக்கிரம் தளரட்டும் என்று பெட்டியின் மேல் ஒரு தட்டில் உப்பு வைத்தாள். அருளாயி உப்பளத்திலிருந்து வரும்போது முந்தானையில் ஒரு பிடி கொண்டு வந்து அதில் போட்டாள், அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் போட்டார்கள், மாதா கெபியில் மெழுகுதிரி வைக்கிற மாதிரி அதுவும் தெருவுக்கு ஒரு வழக்கமாயிற்று. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள்கூட ஒரு கல் உப்புப் போட்டுவிட்டுப் போனார்கள். தஸ்நேவிஸின் கை கடைசியாக எங்கெங்கே இறங்கினது என்று பிரகாசிக்குத் தெரியும், முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தவள் அவள்தானே. அந்தக் கட்டைகளில் சுண்ணாம்பால் புள்ளி வைத்திருக்கிறாள். தினமும் சாயங்காலம், காய் நறுக்குகிற அந்த விரல்களை அகலமாக விரித்து, எட்டாத கட்டைக்கு முழங்கையையும் வைத்து அமுக்குவாள். தெரு ஒரு உதறல் உதறும். குழந்தைகள்கூட இப்போது அதற்கு அழுவதில்லை. அது தேய்ந்து போன பிறகு, மேலே நிற்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பெட்டி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. சன்னல் வழியாக வருகிற காற்றுத்தான் தெருவிலும் போகிறது என்பதும், பூபாலராயரின் மகன் இப்போது இசைத்தட்டின் மேல் இரண்டு விரலை வைத்து அமுக்குகிறான் என்பதும் அவளுக்குத் தெரிகிறது. பெட்டிக்கும் சத்தத்துக்கும் நடுவிலே நிற்கிற அந்த நூல் இடைவெளி நூலாகவே இருக்கிறது.

அருளாயி உப்பு படிந்த காலோடு வாசலில் நின்று, உள்ளே வராமலே தினமும் கேட்கிறாள்.

"என்னட்டி, இறங்குதா?"

"இறங்குது மைனி," என்கிறாள் பிரகாசி. "ரெண்டும் இறங்குது."